பாட்டின் மறுபாதி

சுருட்டை அந்தக் கிழவரின் இடது கையை வெந்நீரில் ஊறவைத்து, மடங்கிப்போன விரல்களைக் கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்த கையை அவசரப்பட்டுத் திறக்கப் பார்த்தால் இன்னும் இறுகும். விரிந்த உள்ளங்கையில் சுருட்டிய துணியை வைத்துவிட்டு நகம் வெட்ட ஆரம்பித்தாள். நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு வந்த நாளிலிருந்து, நகம் வெட்டும்போது அவள் வாய் தானாக முணுமுணுக்கும். எப்போதும் ஒரே பாட்டுதான்.

"ஜன்னல் மூடியாச்சு, சந்தடி ஓய்ஞ்சாச்சு,
விளக்கை நான் அணைப்பேன், விடியுமுன் வந்து நிப்பேன்."

ஐந்து வயதில் அம்மா மடியில் கேட்டது. தனக்காகவே அம்மா கட்டிய பாட்டு என்று நம்பியிருந்தாள். அதைப் பாடிய வாரமே அம்மா நாடகக் கம்பெனியோடு போய்விட்டாள். திரும்பி வந்தபோது மகளுக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. ஒரு மாதம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள், போன இடத்தில் மாட்டிக்கொண்டேன், வர வழியில்லை என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். வளர்த்த சித்தி ஒரு வார்த்தையும் நம்பவில்லை, தெரிந்தேதான் விட்டுப்போனாள் என்றாள். சுருட்டை நம்பினாள். அப்படிப் பாடியவள் வேண்டுமென்றே விட்டுப்போயிருப்பாளா? அன்றிலிருந்து அம்மா இவள் வீட்டில். சித்தி அந்த வாசற்படி மிதிப்பதில்லை.

'வந்து நிப்பேன்' என்ற இடத்தில் கிழவரின் நல்ல கை உயர்ந்து, இல்லாத ஒரு கயிற்றைக் கீழே இழுத்தது. வலிப்போ என்று சுருட்டை நகவெட்டியைத் தள்ளி வைத்தாள். கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்க அரைத் திரை. முழுசா இறக்கினா மேனேஜர் தோலை உரிச்சிடுவாரு."

அவர் நாடகத்தில் திரை இழுத்தவர் என்று அவருடைய மருமகள் முன்பே சொல்லியிருந்தாள். பாட்டுகளையெல்லாம் திரையை வைத்தே ஞாபகம் வைத்திருந்தார். இந்தப் பாட்டின் முதல் பாதிக்குக் குழந்தை மடியில் இருக்குமாம். அரைத் திரை இறங்கியதும் கட்டில் மறைந்துவிடும். தாய் மட்டும் திரைக்கு முன்னால், கையில் பெட்டியோடு நின்று மறுபாதியைப் பாடுவாளாம். குழறிக் குழறிப் பாடியும் காட்டினார்.

"விடியுமென்று சொன்னேன், எந்த விடியல் சொன்னேன்?"

சுருட்டை குரலை மாற்றாமல், யார் பாடுவார்கள் என்று கேட்டாள். நெட்டையாக ஒருத்தி, புருவத்தில் தழும்பு இருக்கும் என்றார். அம்மாவேதான், அதற்குமேல் அடையாளம் தேவைப்படவில்லை. பிள்ளைகுட்டியைக் கூட்டி வரக்கூடாது, வருஷக்கணக்கில் ஊர் திரும்ப முடியாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லியும், அவள் சரியென்று தலையாட்டினாளாம். பாட்டு கொடுத்த மறுநாளே வந்து அவள் சொன்னதைக் கேட்டு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

"'வீட்டுலயே ஒத்திகை பாத்துட்டேன், பெட்டியத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் போறேன், புள்ள அசையவே இல்ல'ன்னா. கெட்டிக்காரி."

சுருட்டை மீதி நகங்களையும் வெட்டி, ஓரங்களைத் தேய்த்துவிட்டாள். கிழவர் விரலில் ஒரு கீறல் விழவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சுருட்டை செருப்பைக்கூடக் கழற்றாமல், அந்தப் பாட்டுக்கு மறுபாதி உண்டாமே என்று கேட்டாள். யார் சொன்னது என்றாள் அம்மா. திரை இழுத்தவர் என்று பதில் வந்ததும் அவள் கை நின்றது.

"அந்தக் குள்ளன் இன்னும் சாகலையா?"

"போனா வர மாட்டோம்னு தெரிஞ்சேதானே பாடின?"

அம்மா ஒரு பட்டாணியை வாயில் போட்டு மென்றாள். வேலை என்றால் வீட்டிலும் பழகிப் பார்க்கத்தான் வேண்டும் என்றாள். பிறகு, ஏதோ இவள்தான் நன்றி கெட்டவள் என்பதுபோல ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீ அழாம தூங்கின. அதுல உனக்கு என்னடி குறை?"

சித்தி இத்தனை வருடம் எந்தப் பேச்சுக்காகத் தள்ளி வைக்கப்பட்டாளோ, அது மொத்தமும் உண்மை. சுருட்டை உள்ளே போய்ச் சித்திக்குப் போன் போட்டாள். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல அம்மாவைக் குளியலறைக்கு நடத்திக்கொண்டு போய் முக்காலியில் உட்கார வைத்தாள். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்தாள். பிறகு வேலைப் பையைத் திறந்து கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டாள். எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியிருக்கிறாள், அம்மாவுக்கு மட்டும் அதைப் போட்டதில்லை.

"எதுக்குடி இது?" என்றாள் அம்மா.

"கையத் தூக்குங்கம்மா" என்று நோயாளிகளிடம் பேசும் குரலில் சொல்லி, அக்குளில் சோப்பு போட்டாள். முதுகைத் தேய்த்து, இடுப்பில் எங்காவது தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, கால்விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்தாள். அவள் வாய் முணுமுணுக்கவில்லை.