தொல்லை சாரின் தனிமொழி

அவருக்குப் பட்டப்பெயர் வந்த கதை முழுக்க ஒரே ஒரு எழுத்தில் அடங்கியிருக்கிறது.

அவர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். வேலையில் சேர்ந்த புதிதில், பதினோராம் வகுப்புக்கு 'ஆர்க்கிடைப்' என்றால் என்ன என்று விளக்கப் போனார். எந்தக் கதையை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா? வீரன், ஞானி, தந்திரக்காரன், வழியை மறிக்கும் காவலன் என்று. அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார், படம் போட்டுப் பார்த்தார், யார் மண்டையிலும் ஏறவில்லை. கடைசியில், "சரி, தமிழ்லயே சொல்றேன் கேளுங்க. தொல்படிமம்!" என்றார். கடைசி வரிசையின் காதில் அது 'தொல்லைப்படிமம்' என்று விழுந்தது. மணி அடிப்பதற்குள் அவர் தொல்லை சார் ஆகிவிட்டார்.

அவர் காதுபடச் சொல்லும்போது மட்டும் 'தொல் சார்' என்று நிறுத்திக்கொள்வார்கள். 'லை'யை மென்று விழுங்கிவிடுவார்கள். மனிதர் அதைத் தொன்மை, பழம்பெருமை என்றெல்லாம் எடுத்துக்கொண்டு இருபது வருடமாகப் பூரித்துப்போயிருந்தார். ஒருமுறை ஆசிரியர் அறையில், "பிள்ளைங்க எனக்கு எவ்வளவு மரியாதையா ஒரு பேரு வெச்சிருக்காங்க பாருங்க" என்று பெருமையடித்தபோது, கணக்கு டீச்சர் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது. பாவம், டீ சூடு போலிருக்கிறது என்று நினைத்து இவர் விசிறிவிட்டார்.

ஆட்களைப் பார்த்த மாத்திரத்தில் வகை பிரித்துவிடுவது அவருக்குக் கைவந்த கலை. தலைமை ஆசிரியை, 'இடி முழக்கும் தெய்வம்'. கணக்கு டீச்சர், 'புதிர் போட்டு ஆளை விழுங்கும் அரக்கி'. இதைப் பாராட்டாக நினைத்து நேரிலேயே சொல்லி, ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பள்ளிக் காவலாளியைப் பார்த்து, "நீங்க யார் தெரியுமா? வாசல் காவலன்!" என்று வியந்தபோது அவர், "ஆமா சார், அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க" என்றார். தன்னை எந்த வகையில் வைத்திருந்தார் என்று கேட்கவே வேண்டாம். சந்தேகமே இல்லாமல், வழிகாட்டும் ஞானி.

ஆனால் இந்த ஞானிக்கு ஒரு பலவீனம் இருந்தது. பாடத்தில் ஒரு பழைய இன்பியல் நாடகம் உண்டு. எழுதியவர் யாரென்றே தெரியாது, அவ்வளவு பழசு. ஒரு பணக்காரக் கிழவன் தன் மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறான். அவளை விரும்பும் இளைஞன் உள்ளே வரட்டும் என்று வேலைக்காரி கடிகாரத்தை உடைத்துவைக்க, அவன் கடிகாரம் ரிப்பேர் செய்பவனாக வேடம் போட்டு வருகிறான். அப்புறம் ஐந்து அங்கத்துக்கு ஒரே கூத்துதான். கடைசிக் காட்சியில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருக்கும். வாசல்படியில் முறைத்துக்கொண்டு நிற்கும் கிழவன் வந்து அதில் உட்கார்ந்த பிறகுதான் திரை விழும்.

அந்தக் கிழவன் வேடத்தைச் சார் எந்த மாணவனுக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கரும்பலகை அளவுகோல்தான் கைத்தடி. முதுகைக் கூனிக்கொண்டு, "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இது நடக்காது!" என்பார். 'நடக்காது'வில் குரல் உடைந்து கீச்சென்று மேலே போகும். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தக் கீச்சுக்காகவே வருடா வருடம் வீட்டுக் குளியலறையில் ஒத்திகை பார்ப்பார். அங்கேதான் எதிரொலி நன்றாக இருக்கும் என்பது அவர் கட்சி.

ஒரே மகள். கண் மருத்துவமனை ஒன்றில் பார்வை சோதிக்கும் வேலை, ஐந்தாவது மாடியில். அங்கே லிஃப்ட் கெட்டுப்போனது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு காதல் வந்ததா என்று அவசரப்பட வேண்டாம், அது ஓடவே இல்லை. தினமும் மூச்சிரைக்கப் படியேறி வந்தவளிடம், கையில் ஸ்பேனரோடு ஒருவன், "நாளைக்குச் சரியாயிடுங்க" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒருநாள் நிஜமாகவே சரியாகிவிட்டது. அப்புறமும் அவள் படியிலேதான் ஏறினாள். அவனும் லிஃப்டைச் சோதிக்கிற சாக்கில் படியிலேதான் நின்றான்.

ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் மகள் விஷயத்தை உடைத்தாள்.

"அப்பா, நான் ஒருத்தரக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"அப்படியா! என்ன பண்றார்? காலேஜ்ல சொல்லித் தர்றாரா?" என்றார் சார் ஆசையாக.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றார்."

சார் எழுந்து நின்றார். முகம் சிவந்தது, கை நடுங்கியது. "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இது நடக்காது!" என்று கத்தினார். 'நடக்காது'வில் குரல் கீச்சென்று மேலே போனது.

அவர் மனைவி கைதட்டினார். "பிரமாதம்ங்க! போன வருஷத்த விட நல்லா வந்திருக்கு. கை நடுங்கறது மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

"நான் நடிக்கல!"

"அதத்தான் பிரமாதம்ங்கறேன்."

"ஏய், நெஜமாவே கோவமா இருக்கேன்! இது என் வீடு, இங்க என் பேச்சுதான்!"

"அது ரெண்டாவது அங்கம்ப்பா" என்றாள் மகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்தினார். நாலாவது அங்கம். மனிதர் இத்தனை வருடத்தில் தன் கோபத்துக்கென்று சொந்தமாக ஒரு வார்த்தைகூட மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் அந்தக் கிழவன் கொண்டுபோய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் கதவருகே வந்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, நீங்க வேணாம்னு சொன்னா பண்ணிக்க மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் என்னால பழைய மாதிரி உங்ககிட்ட சிரிச்சுப் பேச முடியுமான்னு தெரியல. ஞாயித்துக்கிழமை அவரும் அவங்கம்மாவும் வர்றாங்க. ஆமா, இல்ல, ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்க. நாடக வசனம் வேணாம். உங்க சொந்த வார்த்தையாச் சொல்லுங்க."

போகத் திரும்பியவள் மறுபடி கதவுப் பக்கம் வந்தாள்.

"இன்னொண்ணு. அவர் உங்ககிட்ட படிச்சவர்தான். 'கிழவன் ஏன் கதவைப் பூட்டுகிறான்?'ங்கற அஞ்சு மார்க் கேள்விக்கு, 'தனியாக இருக்கப் பயம்'னு ஒரே வரி எழுதினாராம். நீங்க முட்டை போட்டீங்களாம்."

"பாடத்துல இல்லாதத எழுதினா முட்டைதான் போடுவாங்க!" என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அந்தக் கேள்விக்கு அவர் காலங்காலமாகச் சொல்லி எழுதவைத்த விடை, 'அதிகார மோகம்'.

வெள்ளிக்கிழமை வகுப்பில் மூன்றாவது அங்கம். அளவுகோலை ஊன்றினார், முதுகைக் கூனினார், வசனத்தைச் சொன்னார். கீச்சு வரவில்லை. சிரிக்கத் தயாராக வாயைத் திறந்த வகுப்பு, திறந்த வாயோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

முதல் வரிசை மாணவி கையைத் தூக்கினாள். "சார், கிழவன் எதுக்கு சார் கதவப் பூட்டுறான்?"

அதிகார மோகம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "பயம்மா" என்று வந்தது. "அவ போயிட்டா வீட்டுல பேச ஆளில்லாமப் போயிடுமேன்னு பயம்."

அவருக்கு மனசு கனத்தது. கேள்வி கேட்ட மாணவி மெதுவாகக் கேட்டாள். "சார், இதுக்கு அஞ்சு மார்க் வருமா, ரெண்டு மார்க்தானா?"

சார் அசடு வழிய நாற்காலியில் உட்கார்ந்தார். மூளைக்குள் அந்த முட்டை உருண்டுகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசலில் பேச்சுக்குரல் கேட்டதும் சார் நேரே குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஓடி ஒளியவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். சொந்த வார்த்தைக்கும் ஒத்திகை வேண்டாமா?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நாடகத்தில் 'தனிமொழி' என்று ஒன்று உண்டு. ஒரு பாத்திரம் தனக்குத்தானே பேசிக்கொள்ளும், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது, அது மேடையின் விதி. இதைச் சார் ஆயிரம் முறை பாடம் நடத்தியிருக்கிறார். ஆனால் அவர் வீட்டுக் குளியலறையின் காற்றுத் துவாரம், கூடத்து சோபாவுக்கு நேர் மேலே திறந்திருந்தது. இருபது வருடமாக அம்மாவும் மகளும் அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் இருந்த ஒரே நல்ல பொழுதுபோக்கும் போய்விடும்.

லிஃப்ட்காரனும், தையல் வேலை செய்யும் அவன் அம்மாவும், சரியாக அந்தத் துவாரத்தின் கீழேதான் உட்கார்ந்தார்கள்.

மேலிருந்து கம்பீரமாக ஒரு குரல் இறங்கியது. "இளைஞனே! எம் மகளின் கரம் வேண்டி வந்தனையோ?"

தையல்காரம்மா திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"ச்சே, கிரீடம் வெச்ச மாதிரி இருக்கு" என்று அதே குரல் அலுத்துக்கொண்டது. தொண்டையைச் செருமி மறுபடி ஆரம்பித்தது. "மகனே, வாழ்க்கை என்பது ஒரு லிஃப்ட். ஏறுவது போல்... வேணாம், வேணாம். அவனே சிரிச்சுடுவான்."

"பிஸ்கட் எடுத்துக்கோங்க" என்றார் சாரின் மனைவி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."

குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அப்புறம் வந்த குரலை, வேடம் எதுவும் இல்லாத அந்தக் குரலை, வீட்டில் யாருமே முன்னால் கேட்டதில்லை.

"தம்பி, எனக்கு உன் மேல கோவமெல்லாம் இல்ல. நீ நல்ல பையன்னு அவ முகத்தப் பார்த்தாலே தெரியுது. விஷயம் என்னன்னா, இந்த வீட்டுல என் ஜோக்குக்குச் சிரிக்கறது அவ ஒருத்திதான். எங்க வீட்டம்மாவுக்கு எல்லாம் மனப்பாடம். நான் முடிக்கறதுக்குள்ள எழுந்து அடுப்படிக்குப் போயிடுவா. இவளும் போயிட்டா நான் யார்கிட்டப்பா பேசறது? செவுத்துக்கிட்டயா? எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான். மத்ததெல்லாம் சும்மா..." மறுபடி குழாய் திறந்து மூடியது. "இத எப்படி வெளிய போய்ச் சொல்றது? மானம் போயிடும்."

மகளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தையல்காரம்மா கையிலிருந்த பிஸ்கட் ஊறி உடைந்து டீக்குள் விழுந்தது.

தாழ்ப்பாள் திறந்தது. முகம் கழுவி, தலை வாரி, ஒன்றுமே நடக்காதது போலச் சார் வந்து கூடத்து வாசலில் நின்றார். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அத்தனை கண்ணும் தன்மேல் இருப்பதைப் பார்த்ததும் மனிதருக்கு ஒத்திகை மொத்தமும் மறந்துபோயிற்று. வாய் தானாகப் பழக்கப்பட்ட பாதையில் கிளம்பிவிட்டது.

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும்..."

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். சாருக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் ஆரம்பித்த வாக்கியத்தை அந்தரத்தில் விடுகிற வழக்கம் ஆங்கில ஆசிரியருக்குக் கிடையாது.

"...வாரத்துக்கு ஒரு நாளாவது ரெண்டு பேரும் இங்க வந்துடணும்!" என்றார். 'வந்துடணும்'இல் குரல் உடைந்து கீச்சென்று மேலே போனது.

லிஃப்ட்காரன் சந்தோஷத்தில் துள்ளி எழுந்தான். "கண்டிப்பா வர்றோம், தொல்லை சார்!"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மனைவி ஜன்னலைப் பார்த்தார். பையன் பேயறைந்த மாதிரி நின்றான்.

"தொல்... லையா?" என்றார் சார்.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இருபது வருடத்துத் 'தொல் சார்'களும் வரிசையாக நினைவுக்கு வந்து, ஒவ்வொன்றின் வாலிலும் 'லை' வந்து ஒட்டிக்கொண்டது. "அப்ப கணக்கு டீச்சர் மூக்குல டீ வந்தது..." என்று முணுமுணுத்தார். "சூட்டுனால இல்லையா?"

பிறகு மெதுவாக நடந்துபோய், காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தார்.

"அந்தக் கிழவன் ஏன் கதவப் பூட்டினான்னு கேட்டதுக்கு நீ ஒரு வரி எழுதின இல்ல? அது சரிதான். அஞ்சு மார்க் போட்டாச்சு." பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளினார். "டீ ஆறுது பாருங்க. உக்காந்து குடிங்க, மாப்பிள்ளை."