காய்த்த தடியில் இரும்பு படலாமா?

வலது கை பழச்செடியின் தடியைப் பிடித்திருக்க, இடது கை சணல் கயிற்றைக் கம்பிக்கும் தடிக்கும் நடுவே எட்டு வடிவில் சுற்றியது. முடிச்சுக்குள் சுண்டுவிரல் நுழைய இடம் இருக்க வேண்டும். இறுகினால் காற்றில் தோல் தேயும், தளர்ந்தால் தடி சாயும். நாற்பது தடிக்கும் அதே அளவு. கையுறை போட்டால் முடிச்சின் பதம் தெரியாது. அதனால் அக்டோபர் குளிரிலும் வெறும் விரல்கள்தான். மணிக்கட்டு வரைக்கும் முள் கீறிய கோடுகள்.

அந்தக் கைகளுக்கு உரியவர் அருமைராசா. புலம்பெயர்ந்து வந்த லாசால் நகரில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருட வேலை. மிச்ச நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ராஸ்பெரிப் பாத்திக்குத்தான். கோடை போன பிறகு பழுக்கிற இனம் அது. வளர்க்க ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தானே பழகினார். ஒரு சட்டம் மட்டும் ஊரில் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வந்தது: பலன் தருகிறதில் இரும்பு படக்கூடாது. பட்டுப்போன தடியைத் தவிர வேறெதையும் அவர் வெட்டியதில்லை.

அக்டோபரில் வரும் நன்றித் திருநாள் ஞாயிறு தமிழ்ப் பூசையில் காணிக்கைப் பழத்தட்டை ஐந்து வருடமாக அவர்தான் தூக்கினார். ஆறாம் வருடம் உறைபனி முந்திக்கொண்டது. நுனியில் பழுக்கக் காத்திருந்த காயெல்லாம் கறுத்துப் போக, தட்டில் பாதிதான் நிறைந்தது. அன்றைக்குப் பார்த்து மனைவியின் தம்பி டெனிஸ்டன் பக்கத்து ஊரான கர்க்லாண்டிலிருந்து ஒரு வாளி நிறையப் பழத்தோடு வந்து இறங்கினான். அருமைராசா நாலு வருடத்துக்கு முன் கிண்டிக் கொடுத்த பக்கக் கன்றுகளில் காய்த்த பழம்.

பூசை முடிந்ததும், காணிக்கைப் பட்டியல் எழுதும் பிரஷாந்தினி கிட்ட வந்தாள்.

"ராசா அண்ணை, குறை நினையாதேங்கோ. வாற வருசம் தட்டை டெனிஸ்டன் தூக்கட்டும். வாளியைப் பாத்தனீங்களே?"

"அதுக்கென்ன, நல்லதுதானே" என்று சிரித்தார்.

காரில் ஏறியதும் மனைவி யோசெப்பின் சொன்னாள்: "என்ர தம்பிக்குக் கைராசி."

கைராசியாம்! வருடம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தவருக்கு இல்லாத ராசி, தோட்டத்துப் பக்கமே போகாதவனுக்கு. அந்தச் சொல் குளிர்காலம் முழுதும் அவரோடு பனி தள்ளியது, அவரோடு பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனது.

டிசம்பரில் நத்தார் பண்டிகைக்குக் கர்க்லாண்ட் போனபோது, செடிக்குப் போடும் உரத்தைப் பற்றிப் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"டெனி, என்ன பசளை போடுறனீ?"

"பசளையோ? பனி கரைஞ்சதும் புல்லு வெட்டுற மெஷினை அதுக்கு மேலால விடுவன் அத்தான். ஒரே இழுவை. எனக்குக் குனியப் பஞ்சியெல்லோ!"

எல்லோரும் சிரித்தார்கள். அருமைராசாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"காய்ச்ச தடியையோ வெட்டுறனீ? பலன் தாறதில இரும்பு படலாமோ? பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு, யோசிக்க மாட்டியே?"

டெனிஸ்டனின் மனைவி அனுஷா அப்போது ஐந்து மாதம். அவன் முகம் சட்டென்று வாடிப் போனதை அருமைராசா பார்த்தார். கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு யோசனை வேறு பக்கம் ஓடியது. பின்பருவத்துப் பழம் எப்போதும் அந்த வருடத் தளிரின் நுனியில்தான் வருகிறது. இது அவர் கண்ணால் கண்டதுதான். பழைய தடிகள் ஜூலையில் கொஞ்சம் காய்த்துவிட்டு, இடத்தையும் வெயிலையும் தின்றுகொண்டு நிற்கின்றன. அதனால்தான் தளிர் பிந்துகிறது, பனியில் மாட்டுகிறது. சோம்பேறியின் மெஷின் சரியாகத்தான் செய்திருக்கிறது.

ஏப்ரலில், யோசெப்பின் வேலைக்குப் போன நேரம் பார்த்து, நாற்பது தடியையும் நிலத்தோடு வெட்டினார். முதல் தடிக்குக் கத்தரி வைக்குமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"இஞ்சருங்கோ, இதென்ன மொட்டை அடிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று மாலையில் யோசெப்பின் கேட்டாள்.

"பனி திண்டிட்டுது."

மே மாதம் டெனிஸ்டன் போனில் வந்தான். "அத்தான், நீங்கள் சொன்னபடியே இந்தமுறை ஒரு தடியையும் தொடேல்லை. அந்த எட்டு முடிச்சை வீடியோவில ஒருக்காக் காட்டுங்கோவன்."

அரைமணி நேரம் பொறுமையாகக் காட்டினார். சுண்டுவிரல் கணக்கையும் சொல்லிக் கொடுத்தார். வெட்டியதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஜூலையில் டெனிஸ்டன் பழப் படம் அனுப்பினான். பக்கத்தில் தொட்டிலில் கிடக்கிற மகளின் படம். அருமைராசாவின் பாத்தியில் வெறும் இலை. ஏமாந்துவிட்டோமோ என்று தினமும் இலைகளைப் புரட்டிப் பார்த்தார். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் ஒவ்வொரு தளிரின் நுனியும் பூத்தது. செப்டம்பர் பிறக்க, பாத்தி சிவந்து வளைந்தது.

நன்றித் திருநாளுக்கு முதல் நாள் சனிக்கிழமை டெனிஸ்டன் வெறும் தட்டோடு வந்து நின்றான்.

"அத்தான், எனக்கு ஒரு கோப்பை கூடத் தேறாது. உள்ளுக்குப் பழைய தடியெல்லாம் ஒரே பத்தை, காயெல்லாம் இப்பதான் பச்சை. தட்டுக்குக் கொஞ்சம்..." சொல்லிக்கொண்டே பின்பக்கம் வந்தவன் பாத்தியைக் கண்டான். "இது எப்பிடி?"

"எனக்கும் அதிசயம்தான்" என்றாள் யோசெப்பின். "ஏப்ரல்ல ஒரு தடி இல்லாமல் மொட்டையாயெல்லோ கிடந்தது."

டெனிஸ்டன் அத்தானைப் பார்த்தான். "வெட்டினனீங்களோ?"

"ஓம்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"இல்லை. உன்ர வாளியைப் பாத்து எரிச்சலடா எனக்கு."

"பிள்ளை பிறந்து முகத்தைப் பாக்கும் வரைக்கும் நான் நித்திரை கொள்ளேல்லை அத்தான். மெஷின் விட்ட பாவமோ எண்டு."

யோசெப்பின் அருமைராசாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் தட்டை வாங்கிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார். நாளைக்கு எல்லோரும் பார்க்கப் போவது டெனிஸ்டன் தூக்கிவரும் தட்டை. கைராசி என்றுதான் சொல்வார்கள். தோள்மட்டத்துப் பெரிய பழங்களை விட்டு, கீழே கனிந்து கசிந்ததைப் பறித்துக் கொடுக்கலாம் என்று மனம் சொன்னது. கை கேட்கவில்லை. தொட்டதும் தானாகக் கழன்று வருகிற பழமாகப் பார்த்துப் பறித்தது. நசுங்கியதை ஒதுக்கியது. இலை பரப்பி, குழிப்பக்கம் கீழே இருக்க, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கியது. விளிம்பில் ஓரிடம் காலியாக இருந்தது. திரும்பிப் போய், பாத்தியிலேயே பெரிய பழத்தைப் பறித்துவந்து வைத்தார்.

"சரிச்சுப் போடாத. மடியில வைச்சுக்கொண்டு கார் ஓடாத, பின் சீற்றில வை" என்றார். வெட்ட வேண்டிய மாதத்தையும் சொன்னார்: "பனி கரைஞ்ச உடனை. நிலத்தோட. ஒண்டும் விடாமல்."

பிறகு இரண்டு கையாலும் தட்டை டெனிஸ்டனிடம் கொடுத்தார்.