சர்வே கல்லின் மறுபக்கம்

ஸ்காட்லாந்தில் படிக்கும் மகள் மலையுச்சியிலிருந்து வீடியோவில் அழைத்தாள். பின்னால் சர்வே தூண், சுற்றிலும் மூடுபனி. போனைத் தோழியிடம் கொடுத்தாள். "இதை ஒரு சுத்து சுத்திட்டு வாரேம்ப்பா."

எனக்கு எங்கள் ஊர்க் கரடு, அந்தச் சின்னப் பாறைக்குன்று, ஞாபகம் வந்தது.

எழுபதுகளில், பேரையூர்ப் பக்கம் எங்கள் கரட்டு உச்சியில் இருந்த சர்வே கல்லுக்கு மஞ்சள் பூசிச் சாமியாகக் கும்பிட்டோம். வருடத்துக்கு ஒருமுறைதான் ஏறுவோம். ஒரு வருடம் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கல்லை வலம் வந்தாள். சூடத்தோடு வெடிமருந்து வாசமும் அடித்தது. திடீரென்று அப்பா பாய்ந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தார்.

"அடியே, அங்கிட்டு மலையே இல்லடி!"

கல்லுக்குப் பின்னால் குவாரிக்காரர்கள் கரட்டையே வெட்டி எடுத்திருந்தார்கள்.

"நில்லும்மா! அந்தப் பக்கம் மலை இருக்கா?" என்று மகளிடம் போனில் கத்தினேன்.

"என்னப்பா கேள்வி இது?"

மகள் சுற்றி வந்து சிரித்த பிறகும், அப்பா கொண்டையைப் பிடித்ததுபோல் நான் போனைப் பிடித்திருந்தேன்.