வாயில் வராத இரண்டெழுத்து

என் வீட்டுக்காரர் பேர் சாமி. பாருங்கள், எழுதிவிட்டேன். வாயால் சொல்லக் கூடாது என்றுதான் எங்கள் ஆட்களிடம் கட்டுப்பாடு. கையால் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்களில் யாருக்கும் எழுதத் தெரியாது என்பதால் அதைத் தடுக்க மறந்துவிட்டார்கள் போல. மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படித்த மூன்று வகுப்பு இந்தச் சந்தில் நுழையத்தான் உதவியது.

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுள் குறையும். மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த ரயில்வே லயத்தில், ஒரே நீளக் கூரையின் கீழ் பத்துக் குடும்பம், பத்துப் பெண்களும் இதை நம்பினோம். நானும் மனதார நம்பினேன். வேறு பேர் என்றால் சமாளித்துவிடலாம். என் தங்கை புருஷன் பேர் ஒரு மலையின் பேர். வருஷத்தில் எத்தனை தடவை அவள் அந்த மலையைப் பற்றிப் பேசப் போகிறாள்?

எனக்கு வாய்த்த பேரைப் பாருங்கள். கோயிலில் இருப்பவர் சாமி. அவருக்கு மணியடிக்கிறவரும் சாமி. காவி கட்டிக்கொண்டு அரிசி கேட்டு வருகிறவரும் சாமி. போலீஸ்காரர் பிடித்தால், "விட்டுடுங்க சாமி." பிள்ளை அழுதால், "என் சாமில்ல, அழாத." சோறு குழைந்தால், "அட சாமி." சத்தியம் பண்ண, சாபம் விட, ஆச்சரியப்பட, அலுத்துக்கொள்ள எல்லாவற்றுக்கும் அதே இரண்டெழுத்து. காய்கறி கொண்டு வரும் சீனர்கூடத் தமிழ் ஆம்பளை யாரைப் பார்த்தாலும் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். ஊர் உலகமே வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையை, கழுத்தில் தாலி ஏறிய மறுநாள் என் வாயிலிருந்து மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. பிள்ளையை ராசா என்றேன். பூசாரியை "மணிக்காரர்" என்றேன். அவர் ஒரு மாதம் எனக்குத் திருநீறு தரும்போதெல்லாம் முறைத்தார். கடவுளைக் கூப்பிடத்தான் வழி இல்லை. அவருடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கும்பிடலாமே என்பீர்கள். எங்கள் கோயிலில் இருந்தவரின் சொந்தப் பேர் என் மாமனார் பேர். அதையும் சொல்லக் கூடாது. கடைசியில் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரியே அவரையும் கூப்பிட ஆரம்பித்தேன். "ஏங்க, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கணும்ங்க. ஏங்க, மழை கொஞ்சம் விடட்டும்ங்க."

பக்கத்து வீட்டு அக்கா இதைக் கேட்டுவிட்டு, சன்னிதியிலேயே சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் சிரித்திருக்கக் கூடாது. அவள் புருஷன் பேரும் அதே பேர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்தது நீளமான பேர். வேலைக்குச் சேர்த்தபோது துரையின் நாக்கு சுளுக்கிக்கொள்ளக் கூடாது என்று, பேர் பதிகிற கிராணி முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டார். அந்தக் கத்தரிக்குத் தப்பியவர் குறைவு. தண்டவாளம் பார்க்கும் அந்த ஒரு கேங்கில் மட்டும் எட்டு சாமி. என் ஆளுக்கு வெட்ட வேண்டிய வேலையே இல்லை, பிறந்ததே வெட்டுண்ட பேரோடு. அக்கா கடவுளுக்கு வைத்திருந்த பேர் "மாடிக்காரர்." இதில் அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாளாம்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. எனக்குப் பொறி வைப்பதே அவர் வேலை.

"தேர்ல யாரை வச்சு இழுக்கறாங்க?"

"கனமா ஒருத்தரை."

"அந்த ஒருத்தர் பேரு?"

"இழுக்கறவங்களைப் போய்க் கேளுங்க."

ஒரு நாள் பந்தயமே கட்டினார். "ஒரே ஒரு தடவை சொல்லு. கிள்ளானுக்குக் கூட்டிட்டுப் போயி நண்டு வாங்கித் தரேன்." எனக்கு நண்டு என்றால் உயிர் என்று அவருக்குத் தெரியும்.

"நண்டுக்காக உங்க ஆயுசைக் குறைக்கவா?"

"எவ்ளோ குறைஞ்சிடும்? ஒரு நாளா? திங்கக்கிழமையா பார்த்துக் குறைச்சுக்கட்டும்லா, வேலைக்குப் போற நாளு."

சிரித்துவிட்டேன். ஆனால் சொல்லவில்லை. பயம் பயம்தான்.

அந்த வருஷம் மழை நிற்காமல் பெய்து ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. கிள்ளான் பக்கம் தண்டவாளத்தின் கீழே மண் கரைந்து போயிற்று என்று கேங்கு முழுவதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன மறுநாள் எங்கள் லயத்துக்குள் தண்ணீர் புகுந்தது. முதலில் அடுப்பு மூழ்கியது, பிறகு கட்டில், பிறகு வீடே. இடுப்பில் பிள்ளையும் தலையில் ஒரு டிரங்குப் பெட்டியுமாக நான் ஓட, பின்னால் அக்கா ஒரு அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏன் அம்மி என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. மேட்டில் இருந்த சரக்குக் கொட்டகையில் எல்லாரையும் தங்க வைத்தார்கள்.

மூன்று நாள் ஆம்பளைகளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. நாலாம் நாள் காலையில் கிராணி ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக் கண்ணாடி போட்டவர், நல்ல மனுஷர். தந்தி வந்திருக்கிறது என்றார். கேங்கில் இரண்டு பேரைக் காணவில்லை.

"பிள்ளை, உம்மட மனுசன்ர பேர் என்ன?"

நான் அவர் பென்சிலை வாங்கி எழுதிக் காட்டினேன். அவர் அதைப் படித்தார், தந்தியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காணாமல் போன ரெண்டு பேரில ஒருத்தர் சாமி. எந்தச் சாமி எண்டு தந்தியில இல்லை, பிள்ளை. இந்த லிஸ்ட்டில எட்டுச் சாமி இருக்கினம்."

பக்கத்தில் நின்ற அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காணாமல் போனது என் சாமி இல்லை என்றால் அவள் சாமியாக இருக்கலாம். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கிராணி சொன்னார்: பத்து மணிக்குக் கேங்கு திறந்த பெட்டிகளில் வரும். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் நேரம் மட்டும் நிற்கும். பிறகு பாலம் கட்ட சாலாக் செலாத்தானுக்குப் போய்விடும். வீடு மூழ்கியவர்களை மட்டும் இங்கே இறக்கிவிட உத்தரவு. "உங்கட வீடு போனது அவைக்குத் தெரியாது. நீங்கள்தான் பேரைச் சொல்லிக் கூப்பிட வேணும்."

அக்காவும் நானும் தண்டவாளத்தின் ஓரத்தில் போய் நின்றோம்.

"நீ கூப்பிடு," என்றாள்.

"நீங்க கூப்பிடுங்க. நீங்கதானே பெரியவங்க."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒரு வக்கீலுக்கும் வராத புத்தி அவளுக்கு வந்தது. "இங்க பாரு. நீ என் வீட்டுக்காரரை நெனச்சுக்கிட்டுச் சொல்லு. நான் உன் வீட்டுக்காரரை நெனச்சுக்கிட்டுச் சொல்றேன். அவங்கவங்க புருஷன் பேரை யாரும் சொல்லலை. என்ன தப்பு?"

அந்த நிலைமையிலும் எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. சரி என்று கையடித்துக்கொண்டோம்.

வண்டி வந்தது. பெட்டி பெட்டியாகச் சேறுதான் வந்து நின்றது. தலை, முகம், மீசை எல்லாம் ஒரே மண்ணாக, கறுப்பன் சிவப்பன், கிழவன் குமரன் ஒன்றும் தெரியவில்லை. பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். எஞ்சினில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. சுற்றிலும் பெண்கள், "ஏங்க," "இந்தாங்க," "பெரியவன் அப்பா," என்று ஆளுக்கொரு பக்கம் கூவினார்கள். ஒருத்தி வாயிலும் ஒரு பேர் வரவில்லை.

அக்காவைப் பார்த்தேன். வாயைத் திறந்தாள், மூடினாள், தலைப்பைக் கொண்டு பொத்திக்கொண்டாள். அவள் போட்ட சட்டம் அவள் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது.

அக்கா புருஷனை மனதில் நிறுத்திக்கொண்டு நான் கத்தினேன். "சாமீ!"

பிறந்த வீட்டில் இருந்தபோது வாய் நிறையச் சொன்ன வார்த்தை. ஐந்து வருஷம் கழித்து வெளியே வந்தபோது என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. இரண்டாவது பெட்டியிலிருந்து ஒரு சேற்று உருவம் துள்ளி எழுந்தது. பேசிக்கொண்டபடி அக்கா புருஷன்தான். அக்கா "ஓ" என்று அழுதுகொண்டு ஓடினாள்.

எனக்காகக் கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று. எஞ்சின் ஒரு தடவை ஊதியது. ஆயுள் குறைந்தால் குறையட்டும், குறைக்கவாவது கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டுமே என்று, இந்தத் தடவை என் ஆளையே மனதார நினைத்துக்கொண்டு, "சாமீ! சாமீ!" என்று கத்தினேன். அங்கங்கே தலைகள் திரும்பின. எண்ணினேன். அக்கா புருஷனோடு ஏழு. மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்து, யார் இவள் என்று விழித்தார்கள்.

எட்டாவது தலை இல்லை.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆறு கொண்டுபோனதோ நான் கூப்பிட்டது கொண்டுபோனதோ, எப்படியும் போய்விட்டார். பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர ஆரம்பித்தன. பிள்ளையை இறுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்து, மேலே இருக்கிறவரிடம் கோயிலில் எப்படிப் பேசுவேனோ அப்படியே ஓலமிட்டேன்.

"ஏங்க! என்னை இப்படி விட்டுட்டீங்களேங்க!"

கடைசிப் பெட்டியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு சேற்று மூட்டை சட்டென்று திரும்பியது.

"இங்கதானே இருக்கேன்," என்றது. ஓடுகிற பெட்டியிலிருந்து குதித்தது.

ஆறு அடித்துக்கொண்டு போன இருவரில் ஒருவர் இவர்தான். ரப்பர் மரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் தொங்கியிருக்கிறார்கள். தந்தி போன பிறகு ஒரு மலாய்க்காரர் சம்பான் படகில் வந்து இருவரையும் இறக்கியிருக்கிறார். இதையெல்லாம் அவர் சொல்லி முடிக்கும் வரை நான் அவர் முகத்துச் சேற்றைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தேன். மீசை வெளியே வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களே, காதுல விழலையா?" என்று மெல்லக் கேட்டேன்.

"விழாம என்ன? யாரோ ஒரு பொம்பளை தொண்டை கிழியக் கத்தினா. அந்தப் பேரைச் சொல்லி யாரு கூப்பிட்டாலும் அது நீ இல்லைன்னு எனக்குத் தெரியும்லா. அதான் திரும்பலை." முகத்தில் அப்படி ஒரு பெருமை. "ஆமா, யாரு அவ?"

பத்தடி தள்ளி அக்கா புருஷன், கூப்பிட்டது தன் பெண்டாட்டிதான் என்று நினைத்துக்கொண்டு, போவோர் வருவோரிடமெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"யாருக்குத் தெரியும்?" என்றேன்.

பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். கிள்ளான் நண்டை நான் அவரிடம் கடைசிவரை கேட்கவே இல்லை.