மூக்குக்கண்ணாடி துடைத்த நேரம்

ஹாலந்தின் ஹார்லெம் ஊரில் அலைடா தெர்விண்டைப் போல் பிரிட்ஜ் சீட்டு ஆடியவள் அந்தக் காலத்தில் இல்லை. பகலெல்லாம் கையுறைக் கடையில் நிற்பாள். செவ்வாய்க்கிழமை மாலையானால் கிளப்பில் யோரிஸுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். சீட்டாட்டத்தில் ஒன்பது வருட ஜோடி. ஒருவர் மனது இன்னொருவருக்கு அத்துப்படி.

வினையே அதுதான். இத்தனை பிடி எடுப்பேன் என்று ஏலம் கேட்கும்போது ஜோடி அதிக நேரம் யோசித்தால் கையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொண்டு ஆடுவது பிரிட்ஜில் திருட்டுக்குச் சமம்.

1933இல் வெளிநாட்டுப் போட்டிக்கு ஜோடி தேர்ந்தெடுக்க ஆட்டங்கள் வைத்தார்கள். போக வேண்டுமென்று அலைடா தவம் கிடந்தாள். கடைசி ஆட்டத்தில் யோரிஸ் வெகுநேரம் யோசித்துவிட்டு "பாஸ்" என்றார். அலைடா நாலு இஸ்பேட் கேட்டாள், ஜெயித்தும் விட்டாள்.

எதிரே இருந்த பல் டாக்டர் கூப்மன்ஸ் கையைத் தூக்கினார். "நடுவரே, இங்க வாங்க! அவர் அவ்வளவு நேரம் யோசிச்சாரு. அத வச்சுத்தான் இந்தம்மா கேட்டாங்க."

"யோசிச்சாராம்மா?" என்றார் நடுவர்.

அவள் நாக்கில் சனி உட்கார்ந்தது. "இல்லைங்க. கண்ணாடி துடைச்சிட்டிருந்தார்."

நடுவர் யோரிஸைப் பார்த்தார். யோரிஸ் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "கண்ணாடிய அப்புறம்தான் துடைச்சேன். யோசிச்சது நெசம்."

நடுவர் அவளுடைய பதின்மூன்று சீட்டுகளையும் விரித்துப் பார்த்தார். "அடடா, என்னம்மா இது! இந்தக் கைக்கு யாரா இருந்தாலும் நாலு கேப்பாங்களே. யோசிச்சார்னு சொல்லியிருந்தா ஆட்டத்த அப்படியே விட்டிருப்பேன். இப்ப உங்க பேச்ச எப்படி நம்பறது?"

ஆட்டம் செல்லாமல் போனது. போட்டிக்குக் கூப்மன்ஸ் ஜோடி போனது.

பாவி மகள், உண்மையே அவளைக் காப்பாற்றியிருக்கும்! தேவையே இல்லாத பொய். அடுத்த செவ்வாய்க்கிழமை எதிர் நாற்காலி காலியாக இருந்தது. யோரிஸ் வேறு கிளப்பில் மைத்துனனோடு ஆடுவதாகக் கேள்விப்பட்டாள். போட்டி போனதற்கு அவள் அழவில்லை, இதற்கு அழுதாள்.

பிறகு வந்த ஜோடிகளுக்கு அவளோடு பெரிய தொல்லை. யாரும் கேட்கும் முன்பே, "ஆமாங்க, என் ஜோடி யோசிச்சார், எழுதிக்கங்க" என்று சொல்லிவிடுவாள். "உங்ககூட ஆடறதுக்குச் சும்மா வீட்ல உக்காந்திருக்கலாம்" என்று ஒருத்தி எழுந்தே போய்விட்டாள்.

ஆறு வருடம் கழித்து டிராம் நிறுத்தத்தில் யோரிஸ் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. அலைடா பக்கத்தில் போனாள்.

"யோரிஸ், அன்னிக்கு நீங்க யோசிச்சீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"நீங்க பொய் சொன்னதுக்காக நான் போகல, அலைடா. உங்களக் காட்டிக்குடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எதிர்ல உக்கார்றது? நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்."

"நீங்க வருவீங்கன்னு நான் இருந்தேனே!"

டிராம் வந்தது. மைத்துனன் காத்திருப்பான் என்று சொல்லி அவர் ஏறிக்கொண்டார்.