இலை மறைக்காத படம்

நாத்தனாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் என்னைப் பெற்ற அம்மாவே நம்ப மாட்டாள். நம்பாவிட்டால் போகட்டும். எனக்கு நாத்தனார் மேல் கோபம் இல்லை. என் கோபமெல்லாம் அவளுடைய அண்ணன் மேல். அந்த அண்ணன்தான் என் கணவர் என்பது என் தலையெழுத்து.

எங்களோடு இருக்கும் நாத்தனார் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை, வருகிறவர்கள் மூக்கில் மாட்ட ஒரு கனமான சட்டம். அந்தச் சட்டத்தில் ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று சலித்துக்கொள்பவர்களிடம், "ஒண்ணா இருக்காதுங்க, நிதானமாப் பாருங்க" என்பாள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோதும் இதே குரலில்தான் சொன்னாள். வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அவளுக்குப் படம் எடுப்பதில் பைத்தியம். அவள் வாங்கியது மிரர்லெஸ் கேமரா. பழைய கேமராக்களில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே ஒரு கண்ணாடி எழும்பி விழும். அந்தச் சத்தத்துக்குப் பறவை பறந்துவிடும், மனிதர்கள் விறைத்துக்கொள்வார்கள். இதில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சத்தத்தை அணைத்துவிட்டால் எடுத்ததே தெரியாது. அதில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவரை எடுப்பாள், முடி வெட்டும் கடை வாசலில் காயும் துண்டுகளை எடுப்பாள், குழாயடியில் வரிசையில் நிற்கும் வாளிகளை எடுப்பாள். நான் டெலிபோனில் கத்தும் படங்கள் மட்டும் தனியாக ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. அதில் ஒன்றிலாவது என் வாய் மூடியிருக்கும் என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

பிறகு பறவைகளுக்காக ஒரு பெரிய லென்ஸ் வாங்கினாள். முழங்கை நீளம், பச்சைக் குழந்தையின் கனம். அது வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, "சும்மா பார்த்துட்டுத் தர்றேன்" என்று என் கணவர் கையில் வாங்கினார். இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பொருந்தும்படி அதே கம்பெனி கேமராவை வாங்கினார், முக்காலி வாங்கினார், இலை நிறத்தில் சட்டை தைத்துக்கொண்டார், ஊர்ப் புகைப்படச் சங்கத்தில் சேர்ந்தார். சங்கத்தில் அவர் பெரிய ஆள். தங்கச்சியும் உறுப்பினர்தான். அவளை எல்லாரிடமும், "இவ பறவையை விட்டுட்டு வாளியை எடுக்கிறவ" என்று அறிமுகப்படுத்துவார். லென்ஸ் யாருடையது என்று மட்டும் சொல்ல மாட்டார்.

"உன் லென்ஸைக் கேட்டு வாங்கிக்கோயேன்" என்று நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

"ஆசைப்படறார் அண்ணி. இருக்கட்டும்" என்பாள்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் பால்கனி. அதற்கு அப்பால் யாரும் கட்டாமல் போட்டிருக்கும் காலி மனையில் ஒரு மரம். அதன் ஒரு கிளை எங்கள் பால்கனி வரைக்கும் நீண்டிருக்கும். அந்தக் கிளையின் நுனிக் கவையில் மாங்குயில் கூடு கட்டியதை முதலில் பார்த்தவள் நாத்தனார்தான். தொட்டில் மாதிரி தொங்கும் கூடு. அதில் ஒரு நீல நூல் பின்னியிருந்தது. என் தரை துடைக்கும் துணியிலிருந்து பறவை பிய்த்துக்கொண்டு போன நூல். அதனால் அந்தக் கூட்டில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

குஞ்சுகள் மூன்று. நாத்தனார் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வலையை ஒரு விரல் அகலம் விலக்கி, அங்கிருந்து எடுப்பாள். அவள் படங்களில் பாதி இலைதான். ஒன்றில் ஒரு அலகின் நுனி, இன்னொன்றில் மஞ்சளாக ஒரு கீற்று.

"என்ன படம் இது? இலைதான் இருக்கு" என்றார் என் கணவர்.

"மறைக்கட்டும் அண்ணா. மறைக்கணும்னுதானே அது அங்க கட்டியிருக்கு. நீ பால்கனியில நிக்காதே. சங்கத்துல யார்கிட்டயும் சொல்லாதே. கிளையைத் தொடாதே."

"சரி, சரி. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

சங்கத்தின் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் ஜன்னலில் நின்று பார்ப்பார், உச்சுக்கொட்டுவார். "அந்த நாலு இலை மட்டும் இல்லேன்னா..." என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். படம் எடுக்கத் தெரியாதவருக்கு மரத்தில் இலை இருப்பதே குற்றமாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை. நாத்தனார் கடைக்குப் போய்விட்டாள். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அன்று அரை நாள். மதியம் வீட்டுக்கு வந்தால் பால்கனியில் முக்காலி நிற்கிறது, இவர் வேர்க்க விறுவிறுக்க வந்து கேமராவின் பின்பக்கத்தை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். மூன்று குஞ்சுகள், மூன்று வாய்களும் அகலத் திறந்து, உள்ளே சிவப்பு. குறுக்கே ஒரு இலை இல்லை. பின்னால் வானம் மட்டும்.

"எப்படி எடுத்தீங்க? இலை எங்க?"

"அதுதான் லென்ஸோட வேலை. முன்னாடி இருக்கிற இலையெல்லாம் கரைஞ்சு போயிடும். உனக்குப் புரியாது."

எனக்கு லென்ஸ் புரியாது. என் சமையலறை புரியும். ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்தேன். பிசுபிசுத்தது, பல்லிடுக்கில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. பால்கனி மூலையில் என் துணிக்கம்பு. அதன் நுனியில் இறுக்கிச் சுற்றிய கயிற்றின் தடம். எட்டிப் பார்த்தேன். கீழே மனையில் இலைக்கொத்துகள் கிடந்தன. மேலே கூடு, மேற்கு வெயிலில், சட்டையைக் கழற்றி நிற்கவைத்த மாதிரி தொங்கியது.

"ஏங்க, நீங்க மனுஷனா?" என்றேன். இது அச்சில் போடக்கூடிய பகுதி. மற்றதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

"நாலு இலைக்கு இந்தக் கத்து கத்தறியே" என்றார் அவர்.

ஒரு பழைய துணியைக் கம்பில் கட்டி நிழலாகப் பிடித்துப் பார்த்தேன். தாய்ப்பறவை என்னைக் கண்டு கிட்டவே வராமல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. கம்பை எடுத்தால் வெயில் விழுந்தது. பிடித்தால் தாய் வரவில்லை. கடைசியில் அழுதுகொண்டே உள்ளே வந்துவிட்டேன். அப்போதுதான் காகங்கள் வந்தன. அவற்றுக்கும் இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

நாத்தனார் சாயங்காலம் வந்தாள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அண்ணன் எடுத்த படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அருமையா வந்திருக்குல்ல? 'பசி'ன்னு பேர் வைக்கலாம்னு இருக்கேன்" என்றார் அவர். வெட்கமே இல்லாமல்.

"பசி இல்லண்ணா. பசிச்சா கழுத்தை நீட்டித் தலையைத் தூக்கும். இதுங்க தலையைத் தொங்கப் போட்டிருக்கு. பறவைக்கு வேர்க்காது. சூடு தாங்கலேன்னா இப்படித்தான் வாயைத் திறந்து மூச்சு இளைக்கும்." கேமராவை மேசைமேல் வைத்தாள். அதிலிருந்து பெரிய லென்ஸைத் திருகிக் கழற்றினாள். தன் அறைக்குள் எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் விடிந்ததும் நாத்தனார் அதே ஜன்னலில் நின்றாள். கையில் அவளுடைய கேமரா, அதில் அவளுடைய பெரிய லென்ஸ், முதல் தடவையாக. கூடு காலி. மாங்குயில் வந்தது. அலகில் ஒரு பச்சைப் புழு. கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே பார்த்தது. பறந்து போனது. திரும்ப வந்தது, அதே புழுவோடு. அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். கேமரா சத்தமே போடவில்லை. அவள்தான் விசும்பிக்கொண்டிருந்தாள்.

அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு தெளிவான பறவைப் படம் எடுத்ததில்லை. ஒரு இலைகூட மறைக்கவில்லை.

அதைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டு வந்து அண்ணன் முன்னால் வைத்தாள். "கண்காட்சிக்கு நானும் கொடுக்கறேன். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா யாராவது கேட்டா நீ உண்மையைச் சொல்லணும். அது உன்னால முடியாதுன்னா உன் படத்தைத் திரும்ப வாங்கிடு."

"என் மானமே போயிடும். அது உனக்குச் சம்மதமா?"

"உன் வாயால நீயே சொன்னா போகாது அண்ணா. அதைக் கேட்டா அடுத்தவன் எவனும் கத்தியைத் தூக்க மாட்டான்."

அவருடைய சங்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் கூட்டைச் சுற்றி இலையை வெட்டித் துப்புரவு செய்து படம் எடுக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் தலையாட்டினார். ஆனால் படத்தைத் திரும்ப வாங்கவில்லை. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

நூலகத்தின் மாடியில் கண்காட்சி. இரண்டும் மாங்குயில் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. 'பசி'யின் முன்னால்தான் கூட்டம். என் கணவர் சலவைச் சட்டையில் நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் எதிர்ச்சுவரோரம் சின்ன லென்ஸ் மாட்டிய கேமராவுடன் நின்றாள். நான் அவள் பக்கத்தில். அவர் சொல்வாரா, மாட்டாரா? எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். 'பசி'யைப் பார்த்தார், தங்கச்சியின் படத்தைப் பார்த்தார், மறுபடி 'பசி'க்கு வந்தார்.

"ரெண்டும் ஒரே கூடுதானே? அதே கவை, அதே நீல நூல். குஞ்சுங்க என்னாச்சு, பறந்துடுச்சா?"

என் கணவர் தங்கச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாத்தனார் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"ஆமா டாக்டர்" என்றார். "பறந்துடுச்சு."

நாத்தனார் பேச மாட்டேன் என்று சொன்னவள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை.

"பறக்கல டாக்டர்" என்றேன். நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் என் மெதுவும் மாடி முழுக்கக் கேட்கும். "இறக்கையே முளைக்கல. என் துணிக்கம்புல என் கத்தியைக் கட்டி இலையெல்லாம் வெட்டிட்டார். அதுங்க வெயில் தாங்காம மூச்சு இளைக்குதுங்க. அதுக்குத்தான் பசின்னு பேர் வெச்சிருக்கார்."

டாக்டர் தினமும் திறந்த வாய்களைப் பார்க்கிற மனிதர். 'பசி'க்குக் கிட்டே போய், குனிந்து, அந்த மூன்று வாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னால் நின்றவர்களில் சிலர் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சொல்லாமலேயே என் கணவர் படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். எங்களைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

அந்தக் கிளையில் இலை திரும்பத் துளிர்த்துவிட்டது. மாங்குயில் வரவில்லை. பெரிய லென்ஸ் இப்போது நாத்தனாரின் அலமாரியில். அவளும் அண்ணனும் பேசிக்கொள்கிறார்கள். சாப்பிட்டாயா, கதவைச் சாத்தினாயா, அவ்வளவுதான். நான் அதுகூடப் பேசுவதில்லை.

அன்று கண்காட்சியில் அவள் ஒரே ஒரு படம்தான் எடுத்தாள். பொய் சொல்லும் நேரத்தில் என் கணவரின் முகம்: நெற்றியெல்லாம் வேர்வை, வாய் திறந்து. அவள் அதை யாருக்கும் காட்டவில்லை. நான்தான் கேட்டு வாங்கி, சட்டம் போட்டு, சமையலறையில் தண்ணீர்க் குடத்துக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வெளியே வெயில் கொளுத்துகிறது. தாகம் என்று வரும்போதெல்லாம் பார்க்கட்டும்.