அடுப்பில் ஊற்றாத தண்ணீர்

ஜெர்மன் சண்டை முடிந்த மறுவருஷம், மாசி மாசக் கடைசியில், அமிர்திக்கு மேலே ஜவ்வாது மலைக் காட்டில் நடந்தது இது. நான் அப்போது ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் பட்டைக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலைப் பதம் செய்ய ஆவாரம்பட்டை வேண்டும். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் பட்டை வரத்து ரொம்பக் கம்மி. முதலாளி சாயபு என்னைக் கூப்பிட்டு, "மலைமேல கொன்னை மரம் கீது. பர்மிட் வாங்கிட்டேன். ரெண்டு கட்டு பட்டை உரிச்சிக்கினு வா, தோலுக்கு ஆவுதான்னு பாக்கலாம்" என்றார்.

துணைக்கு என் தங்கை புருஷனைக் கூட்டிக்கொண்டேன். அதே ஷாப்பில், ஊறின தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவுவது அவன் வேலை. தங்கை அப்போது நிறைமாசத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். "பத்திரமா இட்டுக்கினு வாண்ணா" என்று தெருமுனை வரை வந்து சொன்னாள்.

நான் கொடுவாள் எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தது ஷாப்பில் சதை சீவுகிற கத்தி. வில் மாதிரி வளைந்து, இரண்டு பக்கமும் பிடி வைத்தது.

"இது இன்னாத்துக்கு மாப்ள? மரம் இன்னா ஆடா?"

"போ மச்சான். உன் கொடுவாளுல கீரைகூட அறுபடாது. ஆட்டுத் தோலை உரிச்ச கையி, மரத்துத் தோலை உரிக்காதா?"

நானும் சிரித்துவிட்டேன். ஷாப்பிலேயே கூரான கத்தி அது.

மலையேறி, ஓடைக்குக் கொஞ்சம் மேலே மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சினோம். சுற்றிலும் சருகு மெத்தை மாதிரி கிடந்தது. அதைக் கூட்டித் தள்ளிவிட்டு அடுப்பு மூட்டவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. குடித்து முடித்ததும் நான் ஓடைத் தண்ணீரை எடுத்து நெருப்பில் ஊற்றப் போனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் மச்சான். பொங்கித் தின்ன அடுப்புல தண்ணி ஊத்தக் கூடாது. உன் தங்கச்சி மாசமா கீறா."

எங்கள் வீடுகளில் அப்படித்தான். அடுப்பு நெருப்பைச் சாம்பல் போட்டு மூடி வைப்போமே தவிர தண்ணீர் ஊற்றி அவிக்க மாட்டோம். எனக்கும் அது சரியென்றே பட்டது. கணகணவென்றிருந்த தணல்மேல் மண்ணை அள்ளிப் போட்டு, முருகனைக் கும்பிட்டுவிட்டு மேலே போனோம்.

ஷாப்பில் தோல் சாய்ந்த கட்டைமேல் கிடக்கும். மாப்பிள்ளை கத்தியைத் தன்னைவிட்டு வெளியே தள்ளித்தான் சீவுவான். இங்கே மரம் நின்றுகொண்டிருந்தது. கத்தியைத் தன் பக்கம் இழுக்கவேண்டியிருந்தது. ஒரு கணுவில் தட்டிய கத்தி துள்ளி வந்து, அவன் முழங்காலுக்கு மேலே இறங்கிவிட்டது.

"மச்சான்" என்று ஒரு தடவைதான் சொன்னான்.

என் துண்டையும் வேட்டியில் பாதியையும் கிழித்துக் கட்டினேன். ரத்தம் நிற்கவில்லை. அந்தச் சரிவில் அவனை ஒண்டியாகத் தூக்கி இறங்க முடியாது. விட்டுவிட்டு ஆள் தேடிப் போகவும் மனசு வரவில்லை. 'முருகா, என் தங்கச்சி தாலி' என்று அரற்றிக்கொண்டு கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. அப்போதுதான் புகை நாற்றம் வந்தது. நாங்கள் மூடிவைத்த அடுப்பு, சருகுக்கடியில் ஊர்ந்து போய்ப் பக்கத்துச் சரிவில் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

புகையைப் பார்த்து மலை ஜனங்கள் பச்சைக் கிளைகளோடு ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவள் ஒரு பெண்.

"கீழ்நாட்டு நாய்ங்களா! கொளுத்தவா வந்தீங்க? எங்க காளித் தோப்புடா அது!"

தீ போய்க்கொண்டிருந்த திசையில் இருந்தது அவர்களுடைய கடுக்காய்த் தோப்பு. அந்தக் காயைக் கீழே விற்றுத்தான் அவர்கள் சாப்பாடு. தோல் பதம் செய்ய எங்கள் ஷாப்புக்கும் அதே காய்தான் வரும். என்னை அடிக்கக் கிளையை ஓங்கியவள், கீழே கிடந்தவனைப் பார்த்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அவளோடு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருவன் சொன்னான், "அக்கா, இவனைத் தூக்கிக்கினு நாலு பேரு போய்ட்டா தோப்பு நிக்காது."

அவள் தீயைப் பார்த்தாள். இவன் முகத்தைப் பார்த்தாள். நான் ரத்தம் ஊறின கட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்லிக் கேட்பது?

"தூக்குங்கடா. நின்னு பாத்துக்கினு கீறீங்களே" என்றாள். தன் சேலையைக் கிழித்து என் கட்டின்மேல் இன்னொரு கட்டு இறுக்கிவிட்டு, கிளையை எடுத்துக்கொண்டு புகைக்குள் ஓடினாள். அவள் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

கம்பளியைக் கழியில் கட்டித் தூக்கினார்கள். தங்கை மாசமாக இருப்பதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே நானும் கூட இறங்கினேன். அமிர்தியில் மாட்டுவண்டி கிடைத்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் உயிர் தங்கியது. கால் மட்டும் மடக்க வராமல் போய்விட்டது. தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது.

மறு தை மாசம் ஒரு சேலையும் வெல்லமும் வாங்கிக்கொண்டு, தங்கையையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு மேலே போனேன். தோப்பு இருந்த இடத்தில் கரிக்கட்டையாக மரங்கள் நின்றன. அன்றைக்குத் தூக்கி வந்தவர்களில் ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"அக்காவா? காய் இல்லாம இன்னா பண்ணும்? தோட்டத்துக்கு ஆள் புடிக்கிற கங்காணி வந்தான். அக்கா வூட்டோட போய்டுச்சி. கப்பல் ஏறிப் போற தோட்டமாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். குழந்தையைக் காட்டி, "இதானா அது?" என்று கேட்டுக் கன்னத்தைத் தொட்டான். சேலையைக் கருகிய மரத்தடியில் இருந்த காளி கல்லுக்குச் சாத்திவிட்டுத் திரும்பினோம்.

அதற்கப்புறம் வேலைக்கேற்ற கத்தி இல்லாமல் நான் காட்டில் கால் வைத்ததில்லை. எங்கே நெருப்பு மூட்டினாலும் சருகைத் தரை தெரியக் கூட்டிவிட்டுத்தான் மூட்டுவேன், தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பேன். வீட்டு அடுப்பிலும் ஊற்றுகிறேன். ஆகாது என்று சொந்தக்காரர்கள் சடைத்துக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் காலை நீட்டி உட்கார்ந்தபடி, "ஊத்து மச்சான்" என்பான். தணல் சீறி அடங்கும்போதெல்லாம், கடல் தாண்டிப் போன அந்த அம்மாவை எங்கிருந்தாலும் காப்பாற்று முருகா என்று கேட்டுக்கொள்கிறேன். என் தங்கை நெற்றியில் குங்குமம் இருப்பதற்காக அவள் வீட்டு அடுப்பல்லவா அணைந்தது.